கூரையும் அதன் கீழும்
பம்பாய்த் தமிழர் இல்லங்களின் வரலாற்றில் ஒரு பகுதி

தமிழில் 'வேய்தல்' என்றொரு சொல் உண்டு. வீட்டிற்குக் கூரை இடுதலையும் அச்சொல் குறிக்கும். தலையில் மலர் சூடுதலையும் அச்சொல்லே குறிக்கும். மனிதர் தலைக்கு மலர் எவ்வாறோ அவ்வாறே மனைக்குக் கூரை என்று நம் முன்னோர் கருதினர் போலும்! ஊரில் நம் பாட்டனார் காலத்தில் பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த வீடுகளே மிகுதி. இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை பழைய கீற்றைப் பிரித்துப் புதியது வேய்வர். பிரித்த அன்று மூங்கிலும் கைமரமும் கயிறும் வெயிலில் வெளிப்பட்டு நிற்கும். உளுத்த மூங்கிலை எடுத்தெறிவர். கரையான் தின்ற கைமரத்தை மாற்றுவர். அதன் பின்னரே புதிய கீற்று மேலேறும். ஆகவே, கூரையை மாற்றுதலும் கூரைக்குக் கீழுள்ளதைச் சோதித்தலும் அன்று ஒரே வேலையாக இருந்தன.

பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு வந்தபின் அவ்விரண்டும் பிரிந்துபோயின. ஓடும் தகரமும் சிமெண்டுத் தளமும் கீற்றைவிட நெடுநாள் நிலைப்பவை. மேலே உள்ளது நிலைத்திருக்க, உள்ளே உள்ளது கண்ணுக்குத் தெரியாமல் அழிந்துவந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் நம்மவர் இல்லங்களின் கதை பெரும்பாலும் இதுவே. அதனைச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழையும் ஓடும்

பம்பாய் மழையின் இயல்பை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஜூன் திங்களின் முற்பகுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை பெய்யும் இம்மழை, ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் சமவெளி ஓராண்டு முழுதும் பெறும் மழையை இந்நகரம் ஜூலைத் திங்கள் ஒன்றிலேயே பெற்றுவிடுகிறது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை நம் குடும்பங்களில் மறந்தவர் எவருமிலர். இத்தகைய மழைக்குக் கீற்றும் வைக்கோலும் ஈடு கொடா.

இந்நகரத்துக்கு ஏற்ற கூரை கடல்வழியாகத் தெற்கிலிருந்து வந்தது. 1865ஆம் ஆண்டு மங்களூரில் நேத்திராவதி ஆற்றங்கரையில், பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளப்ஸ்ட் என்பார் இயந்திரத்தால் ஓடு அச்சிடும் தொழிற்சாலையை நிறுவினார். ஆற்றுக் களிமண்ணை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்ட அவ்வோடு, ஒன்றோடொன்று விளிம்பு கோத்துக்கொள்ளும் இயல்புடையது. நாட்டு ஓட்டைப் போல் காற்றுக்கும் குரங்குக்கும் அடிக்கடி இடம்பெயராது. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களினின்று தோணிகளில் ஏறி அது பம்பாய் வந்து சேர்ந்தது. அதனைத் தாங்கும் மரமும் கடல்வழியே வந்தது. மலையாளக் காடுகளின் தேக்கோடு பர்மாத் தேக்கும் சேர்ந்தது. அவ்வாணிகத்தில் பேர்பெற்ற பாம்பே பர்மா வாணிகக் கழகம் தோன்றிய ஆண்டு 1863.

நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 150 ஓடுகள் வேண்டும். ஓடொன்று இரண்டரைக் கிலோ அளவு என்று கொண்டால், நூறு சதுர அடியின் சுமை 375 கிலோவை எட்டும். இச்சுமை ஓட்டிலிருந்து ரீப்பருக்கும், ரீப்பரிலிருந்து கைமரத்துக்கும், கைமரத்திலிருந்து உத்தரத்துக்கும் இறங்கி, இறுதியில் உத்தரத்தின் தலை சுவருக்குள் புதைந்துள்ள ஒரு சாண் இடத்தில் வந்து தங்குகிறது. அந்த ஒரு சாண் இடத்தைத்தான் எவரும் காண்பதில்லை.

கொள்ளைநோயும் மாட்டுங்காவும்

1896ஆம் ஆண்டு பம்பாயில் கொள்ளைநோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமே நோய்க்குக் காரணம் என்று அன்றைய அதிகாரிகள் எண்ணினர். எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் நோயைப் பரப்பும் உண்மை அப்போது தெளிவாகவில்லை. நோய் கண்ட வீடுகளுள் ஞாயிற்றின் ஒளி புகவேண்டுமென்று கூரை ஓடுகளைக் கழற்றிப் போட்டனர். ஏழை மக்கள் தம் தலைக்கு மேலிருந்த கூரையை அரசாங்கமே பிரிப்பதைக் கண்டு கலங்கினர்.

அதன் பயனாக 1898இல் நகரச் சீரமைப்பு டிரஸ்டு தோன்றியது. நெருக்கமான பேட்டைகளை இடித்துச் சாலைகள் வகுத்ததோடு, நகரின் வடபால் தாதர், மாட்டுங்கா, சயான் நிலங்களில் புதிய குடியிருப்புகளையும் அது திட்டமிட்டது. அகன்ற சாலைகளும், தோட்டங்களும், இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களும் எழுந்தன. 1920களிலும் 1930களிலும் அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் எழுத்தர்களாக வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மாட்டுங்காவை நாடிக் குடிபுகுந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியதும் அக்குடியிருப்பின் வளர்ச்சியால் அன்றோ!

அக்காலக் கட்டடங்களுட் பல, செங்கற் சுவரும் தேக்கு உத்தரமும் மேலே மங்களூர் ஓடும் கொண்டவை. தேக்கைக் கரையான் எளிதில் அணுகாது. உலர்ந்த தேக்கு நூறாண்டும் நிற்கும். ஆயினும், ஓயாத ஈரத்தைத் தேக்கும் தாங்காது. கூரையின் இரு சரிவுகள் கூடும் பள்ளத்திலுள்ள தகரப் பீலி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால், மழைநீர் சுவரின் உள்ளே இறங்கி உத்தரத்தின் தலையை நனைக்கும். காற்றுப்படாத அவ்விடத்தில் ஈரம் வற்றுவதில்லை. காளான் பிடித்து மரம் தவிடாகும். வெளியே தெரியும் பகுதியோ, வண்ணம் பூசிய வண்ணம் புதியது போல் விளங்கும்!

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

நாம் சிறு வயதில் வாழ்ந்த மாட்டுங்காக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு கோடைக்காலம் கூரை மாற்றினர். பழைய ஓடுகளை இறக்கி, புதிய ஓடுகளை ஏற்றி, முகட்டோடுகளைச் சாந்திட்டுப் பூசினர். வேலைக்கு வந்த முதிய தச்சர் ஒருவர், சுவரோரத்தில் நாலு செங்கல்லைப் பெயர்த்து உத்தரத்தின் தலையைப் பார்க்கவேண்டும் என்றார். ஒப்பந்தக்காரரோ, "மதிப்பீட்டில் அதற்குப் பணம் இல்லை" என்று மறுத்துவிட்டார். நம் தந்தையார் உட்படக் குடியிருந்தோர் எவரும் தச்சருக்காகப் பரிந்து பேசவில்லை. மழைக்கு முன் வேலை முடிந்தால் போதும் என்பதே எல்லோருடைய எண்ணமுமாக இருந்தது.

அவ்வாண்டு ஒரு துளியும் ஒழுகவில்லை. அனைவரும் மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டும் ஒழுகவில்லை. மூன்றாம் ஆண்டு ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை, அடுக்களையின் மேல் உத்தரம் சுவரைவிட்டு நழுவி, ஓடுகளும் பலகைகளும் அடுப்பின்மேல் வீழ்ந்தன. நம் தாயார் பால் வாங்கக் கீழே இறங்கியிருந்தமையால் உயிர்பிழைத்தார். வீழ்ந்த உத்தரத்தின் தலையைக் கையால் பிசைந்தால் மூக்குப்பொடி போல் உதிர்ந்தது. புதிய ஓட்டின் கீழ்ப் பழைய கேடு அமைதியாக வளர்ந்து வந்ததை அன்று நாம் அறிந்தோம். ஒழுகும் கூரை நமக்கு எச்சரிக்கை தருகிறது. ஒழுக்கை மட்டும் அடைத்துவிட்டால் அவ்வெச்சரிக்கையைத்தான் நாம் அடைத்துவிடுகிறோம்.

கூரை யாருடையது?

ஒப்பந்தக்காரரின் மதிப்பீடு ஏன் அத்துணைக் குறுகியிருந்தது? இதற்கு விடை காணச் சட்டத்தின் வரலாற்றை நோக்கவேண்டும். முதல் உலகப் போரின்போது வாடகை ஏறியதால் 1918இல் பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பின்னர் 1947ஆம் ஆண்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் நாளைய வாடகையை அடிப்படையாகக் கொண்டு அதனை நிலைநிறுத்தியது. திங்கள் ஊதியத்தில் வாழ்ந்த நம் எழுத்தர் குடும்பங்களுக்கு இச்சட்டம் பெருந்துணையாயிற்று. வீட்டுக்காரர் நினைத்தபோது வெளியேற்ற முடியாமையால்தான் நம் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து முன்னேறினர் என்பதை மறத்தலாகாது.

ஆயினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. வாடகை நின்ற இடத்தில் நின்றது; ஓடும் மரமும் கூலியும் ஏறின. பழுது பார்க்கும் செலவு வாடகை வரவை விழுங்கிவிடும் நிலையில், வீட்டுக்காரர் கூரையை மறந்தார். 'வீடு அவருடையது, நாம் ஏன் செலவிட வேண்டும்?' என்று குடியிருப்போர் கூரையை மறந்தனர். இவ்வாறு, எல்லோருக்கும் மேலிருந்த கூரை எவருக்கும் உரியதன்று என்றாகிவிட்டது. மரத்தை அரித்தது ஈரம் எனில், கட்டடத்தை அரித்தது இந்நிலையே எனலாம்.

கட்டடங்கள் மழைதோறும் இடிந்து உயிர்கள் மாயவே, மகாராஷ்டிர அரசு 1969இல் பம்பாய்க் கட்டடப் பழுதுபார்ப்பு, புனரமைப்பு வாரியச் சட்டத்தை இயற்றியது. கொலாபாவிலிருந்து மாகிம், சயான் வரையிலான தீவுநகரின் பழைய கட்டடங்கள்மீது 'செஸ்' என்னும் தனி வரி விதித்து, அவ்வரியோடு அரசின் பணமும் சேர்த்துப் பழுது பார்ப்பதே ஏற்பாடு. தொடக்கத்தில் 19,642 கட்டடங்கள் இதனுள் அடங்கின. அவற்றுள் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பர் 1க்கு முன் கட்டப்பட்டவை. வாடகையை நிறுத்திய அதே நாள், கட்டடங்களின் முதுமையை அளக்கும் எல்லைக்கல்லாகவும் அமைந்தது வியப்பன்றோ! 1977இல் இவ்வாரியம் 'மாடா' எனப்படும் வீட்டுவசதி ஆணையத்துடன் இணைந்தது.

வாரியம் பல்லாயிரம் வீடுகளைத் தாங்கி நிறுத்தியது உண்மையே. ஆனால் சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற வரம்புக்குள் செய்த வேலை, பல இடங்களில் முட்டுக்கொடுப்பதோடு நின்றது. வீட்டைக் காலி செய்து சயான் பிரதீக்ஷா நகர் போன்ற இடைக்காலக் குடியிருப்புகளுக்குச் சென்றவர்களுள் பலர், ஆண்டுகள் பல கழிந்தும் திரும்பவில்லை. அந்த அச்சத்தாலேயே வேறு பலர் ஆபத்தான வீட்டை விட்டு நகர மறுத்தனர். 2017 ஆகஸ்டு 31ஆம் நாள் பெண்டி பஜார்ப் பகுதியில் இடிந்து 33 உயிர்களைக் கொண்ட உசைனி கட்டடமும் செஸ் வரிக்கு உட்பட்டிருந்ததே. அதன் வயது நூறாண்டுக்கு மேல்.

தாராவியின் தகரம்

மாட்டுங்காவுக்கு மேற்கே இரயில் பாதையைக் கடந்தால் தாராவி. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொண்டு நிரப்பி அங்கே குடியேறினர். அவர்கட்கு வாடகைச் சட்டத்தின் காப்பும் இல்லை; செஸ் வாரியத்தின் துணையும் இல்லை. தம் கூரையைத் தாமே வேய்ந்துகொண்டனர்.

தொடக்கத்தில் கோணியும் கீற்றும். பின்னர்த் தார் டின்னை அறுத்து விரித்த தகடு. அதன்பின் நெளிதகரமும் சிமெண்டு ஓடும். இன்றும் மே திங்கள் பிறந்தால் தாராவியில் நீலத் தார்பாய்கள் விரியத் தொடங்கும். குடிசையை எந்நாளும் இடிக்கலாம் என்ற நிலை இருந்தவரை நல்ல கூரைக்குச் செலவிட எவர்க்கும் மனம் வரவில்லை. 1971இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்து, 1976இல் கணக்கெடுத்துப் படம் ஒட்டிய அட்டை வழங்கிய பின்னரே மக்கள் துணிந்து செங்கற் சுவர் எழுப்பி, இரும்புச் சட்டத்தின்மேல் 'பத்ரா' போட்டு, மேலே ஒரு 'மாளா'வும் கட்டினர். நிலைத்த உரிமைதான் நிலைத்த கூரைக்கு அடித்தளம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அங்கும் மறைந்த கேடு உண்டு. வீட்டுக்கு வீடு சுவர் பொதுவாதலின், ஒருவர் தகரத்தில் விழும் நீர் அடுத்தவர் சுவருக்குள் இறங்கும். மரக்கால் நிலத்தில் ஊன்றிய அடிப்பகுதி ஈரத்தில் உளுக்கும். இரும்புக் கோணத்தின் அடி துருவில் கரையும். மேலே புதுத் தகரம் பளபளக்கும். கீழே கால் காகிதமாயிருக்கும். 2021 மே 17ஆம் நாள் 'தௌக்தே' புயலின்போது கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அத்தகைய காற்றில் புதிய தகரமும் பறக்கும், அதனைக் கோத்த மரம் உளுத்திருந்தால்! ஆணி பிடித்து நிற்பது மரத்தையன்றோ?

மற்றொன்றும் கூறவேண்டும். பழைய சிமெண்டு ஓடுகளுட் பல ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்தவை. அவற்றை அறுத்தாலும் உடைத்தாலும் எழும் தூசு நுரையீரலிற் புகுந்து, பல்லாண்டுகட்குப் பின் புற்றுநோயை விளைக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. பல நாடுகள் அதனை அறவே விலக்கிவிட்டன. ஆதலின் அவ்வோட்டை மாற்றும்போது, நீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றி இறக்குதல் வேண்டும். உடைந்த துண்டுகளை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கலாகாது. குழந்தைகளை அன்று அப்பால் அனுப்பிவிடுதல் நலம்.

செம்பூரின் சிமெண்டுத் தளம்

நாடு விடுதலை பெற்றபின் நம்மவர் செம்பூரில் பெருகினர். 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் அமைந்தது. அதே காலத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. வீட்டுவசதி வாரியம் திலகர் நகர், சுபாஷ் நகர் போன்ற காலனிகளைக் கட்டியது. பின்னர்க் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் தோன்றின. இங்கே ஓடும் இல்லை, உத்தரமும் இல்லை. இரும்புக் கம்பி பொதிந்த சிமெண்டுத் தளமே கூரை. இனிக் கவலையில்லை என்று எண்ணினோம்.

சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவேறாது காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு சிமெண்டினுள் ஊடுருவி அக்காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. அப்போது நீர் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தைக் கொள்வதாகலின், உள்ளிருந்து சிமெண்டைப் பிளக்கும். முதலில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. பின் பழுப்பு நிறக் கறை. அதன்பின் ஒருநாள் மேற்பூச்சு பாளமாக வீழும்.

நாம் செய்வது என்ன? மொட்டைமாடி ஒழுகினால் செங்கற்சல்லியும் சிமெண்டும் குழைத்து மேலே ஒரு படலம் இடுகிறோம். அதன்மேல் உடைந்த பீங்கான் ஓட்டைப் பதிக்கிறோம். பத்தாண்டு கழித்து மீண்டும் ஒழுகினால், பழையதைப் பெயர்க்காமல் அதன்மேல் இன்னொரு படலம்! நான்கு அங்குலச் சல்லிப் படலம் சதுர அடிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ கனக்கும். ஆயிரம் சதுர அடிக்குக் கணக்கிட்டால் பதினைந்து டன்னுக்கு மேல். துருவால் மெலிந்த கம்பியின் தலையில் நாமே இச்சுமையை ஏற்றுகிறோம். நோயுற்றவனுக்கு மருந்து என்று மூட்டை சுமக்கக் கொடுப்பது போன்றதன்றோ இது?

முறையான வழி வேறு. தளத்தின் அடிப்புறத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். பொள்ளல் ஓசை எழும் இடமெல்லாம் பிரிந்து நிற்கும் இடம். அவ்விடத்தைக் கம்பியின் மறுபுறம் தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்து நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, காப்புப் பூச்சிட்டுப் பின்னரே புதிய சாந்தால் நிரப்புதல் வேண்டும். மேற்படலங்களைப் பெயர்த்துச் சுமையைக் குறைத்து, நீரோட்டம் சரிசெய்து, இறுதியில் நீர்க்காப்பு இடுதல் வேண்டும். முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களைத் தகுதிபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டுமென மாநகராட்சிச் சட்டம் விதிப்பது இதன் பொருட்டே. அதனை வீண் செலவென்று எண்ணுதல் பேதைமை.

நாம் செய்யத்தக்கது

மூன்று பேட்டைகள், மூன்று கூரைகள். தாராவியில் உழைப்பு இருந்தது, உரிமை இல்லை. மாட்டுங்காவில் காப்பு இருந்தது, பொறுப்பேற்பார் இல்லை. செம்பூரில் உரிமையும் உண்டு, சங்கமும் உண்டு. குறைவது கீழே குனிந்து பார்க்கும் பொறுமை ஒன்றே. கீற்று வேய்ந்த நம் பாட்டனாரிடம் அது இருந்தது. அவருக்கு வீடும் கூரையும் தம்முடையவை; பிரிக்காமல் வேயும் வழியும் இல்லை.

ஆதலின், நம் காலனிக் குடும்பங்கட்குச் சில சொற்கள். கூரை மாற்ற மதிப்பீடு கேட்கும்போது, திறந்து பார்ப்பதற்கும் உள்ளே பழுதுபார்ப்பதற்கும் தனித் தொகை ஒதுக்குக. கேடு இல்லையெனில் அத்தொகை மிஞ்சும். இருந்தால் உயிர் மிஞ்சும். மழைக்குப் பின் ஒருமுறையும் மழைக்கு முன் ஒருமுறையும் பீலியையும் வடிகுழாயையும் சுவரோரத்தையும் பார்வையிடுக. மேல்மாடியில் உள்ளவர் துன்பம் அவர் துன்பம் மட்டுமே என்று கீழ்மாடியில் உள்ளவர் எண்ணற்க. மேலிருந்து வீழ்வது கீழேதான் வந்து சேரும். வேலை செய்யும் தச்சரும் கொத்தரும் "இதைத் திறந்து பார்க்கவேண்டும்" என்று கூறினால், அச்சொல்லுக்குச் செவி சாய்க்க. நம் இல்லத்தில் அன்று ஒருவரேனும் செவி சாய்த்திருந்தால் அவ்வுத்தரம் வீழ்ந்திராது.

சங்கம் என்பதும் ஒரு கூரையே. அதன் நிழலில் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், மலர் வெளியிடுகின்றோம். மேலே மலர் வேய்வதோடு அமையாது, கீழே தாங்கும் கால்களையும் நாடிப் பார்க்கும் வழக்கத்தை நம் மக்களுக்கு விட்டுச் செல்வோமாக!

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!